கியர் மாறுவது கேட்க வேண்டும்

தம்பி,

சனிக்கிழமை வருகிறாய். கூடவே எங்கள் காரை விலைக்கு வாங்கிக்கொள்ள ஓர் ஆளையும் அழைத்து வருகிறாய். தெற்குக் கோடி ஜொகூரில் உன் வீட்டுக்குப் பக்கத்திலேயே அப்பாவுக்கு ஒரு சிகிச்சை நிலையமும் பார்த்துவிட்டாய். எல்லாவற்றையும் கைத்தொலைபேசியில் செய்தியாகத் தட்டி அனுப்பிவிட்டு, அதற்குக் கீழே கைகூப்பும் படம் ஒன்றையும் போட்டிருக்கிறாய். பெற்ற அம்மாவுக்குத் தேர்தல் வேட்பாளர் மாதிரி கும்பிடு போடுகிறாயே, நன்றாக இருக்கிறதா? நான் பதிலுக்குக் குரல் பதிவு அனுப்பியிருப்பேன். ஆனால் நீ அதை வேகத்தைக் கூட்டி வைத்துக் கேட்பவன். கோழி கொக்கரிப்பது மாதிரிதான் நான் உன் காதில் விழுவேன். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்புகிறேன். கோபத்தோடுதான் ஆரம்பிக்கிறேன். கிளம்புவதற்கு முன் முழுவதையும் படித்துவிடு.

கடைசியாகப் பேசியபோது, "நல்ல காரக் குப்பையாக்கிட்டீங்கம்மா" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டாய். சி.வி.டி. கியர்ப்பெட்டியைக் கழற்றிப் போட்டுவிட்டு, எங்கோ வெட்டிப் பிரித்த பழைய காரிலிருந்து எடுத்த சாதாரண ஆட்டோ கியர்ப்பெட்டியை நான் பொருத்தச் சொன்னது உனக்குத் தாங்கவில்லை. இனி யாரும் நல்ல விலைக்கு வாங்கமாட்டார்கள், விபத்து நடந்தால் காப்புறுதிக்காரன் கையை விரிப்பான், மின்கம்பிகளை மாற்றி மாற்றி இணைத்தால் கார் நடுவழியில் நின்றுவிடும் என்று நீ அடுக்கியதெல்லாம் எனக்கும் புரிந்தது. செலவை மிச்சம் பிடிக்கத்தான் செய்தேன் என்று நினைத்துக்கொண்டாய். ஏன் செய்தேன் என்று ஒரு வார்த்தை நீ கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அன்றைக்கு நான் சொல்லியிருக்க மாட்டேன், ஏனென்றால் உன் அப்பா எனக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, நீ பேசுவது கேட்காவிட்டாலும் நான் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்தக் காரை நீ கொண்டுவந்து வாசலில் நிறுத்திய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "இதுல கியர் மாறுறதே தெரியாதும்மா, பட்டு மாதிரி போகும்லா" என்றாய். தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, மற்ற பெண்கள் கோயில் குளம் என்று கிளம்பும் வயதில், தானாகக் கியர் மாறும் ஆட்டோ கார் மட்டும் ஓட்டுகிற லைசென்ஸை நான் எடுத்தது நீ கொடுத்த தைரியத்தில்தான். அப்பாவுக்கு அப்போது கண் நன்றாக இருந்தது. பாடாங் மேஹா தோட்டத்து எண்ணெய்ச் செம்பனைக் குலை லாரியை ஓட்டியே காலத்தைக் கழித்த மனுஷன். அறுவடைக் காலத்தில் பெண்டாங் பக்கம் போய் நெல்லும் ஏற்றுவார். உன் காரை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து சாவியை என் கையில் கொடுத்தார். "தையல் மிஷின் மாதிரி, ஏறாம எறங்காம ஒரே சத்தம். நீயே ஓட்டிக்க" என்றார். நீ முகம் சுருங்கி நின்றாய். உன்னைச் சமாதானப்படுத்த, கிழவருக்குப் பொறாமை என்று நான் கேலி செய்தேன். அவர் சொன்னதில் ஒரு விஷயம் இருந்தது என்று எனக்கே இப்போதுதான் தெரிகிறது.

நம் கார் பட்டறை மெக்கானிக், போமன் ரவி, பிறகு எனக்கு விளக்கினான். சி.வி.டி.யின் உள்ளே ஒன்று, இரண்டு, மூன்று என்று தனித்தனிக் கியர் இல்லை. இரண்டு கப்பிகள், அவற்றைச் சுற்றி ஒரு பெல்ட். கப்பிகள் அகலமாவதும் குறுகுவதுமாகவே வேகம் மாறும். அதனால் வண்டி ஓட்டத்தில் படி ஏறி இறங்குகிற மாதிரி எதுவும் இருக்காது. கண் தெரிகிறவர்களுக்கு அது சுகம். இனிப்புநீர் நோய் முதலில் உன் அப்பாவின் சிறுநீரகத்தையும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணையும் எடுத்துக்கொண்டது உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு வாரத்தில் மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்புக்குக் கூலிம் டவுன் போய் வருகிறோமே, அந்தக் காருக்குள் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. காரில் ஏறியதும் தலைக்கு மேல் இருக்கும் கைப்பிடியைப் பிடித்துக்கொள்வார். இறங்கும்வரை விடமாட்டார். "எந்த கியர்ல போற?" என்று கேட்பார். "டி-ல போறேன்" என்பேன்; ஆட்டோ காரில் முன்னால் போக அந்த ஒரு எழுத்துதான். மேடு வரும்; மறுபடியும் கேட்பார். மறுபடியும் டி தான். இறக்கத்திலும் டி, சமிக்ஞை விளக்கில் நின்றாலும் டி. "என்னடி எப்பப் பாத்தாலும் டி, டி-ங்கற, ஒழுங்கா ஒரு நம்பர் சொல்ல மாட்டியா?" என்று கத்துவார். என்னிடம் சொல்வதற்கு நம்பர் இல்லை. நானும் கத்துவேன். இரண்டு பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சிகிச்சை நிலையத்துக்குள் நுழைவோம். அங்கே இருக்கிற தாதி எங்களைப் பார்த்து, இன்றைக்கும் சண்டையா என்று கேட்பாள்.

உன் ஆறு வயதில் நடந்ததை உனக்கு நினைவுபடுத்த வேண்டும். பள்ளி விடுமுறையில் நீயும் நானும் அப்பாவின் லாரியில் முன்னால் உட்கார்ந்து வந்தோம். பின்னால் குலை நிறைய பாரம். தோட்டத்து மேட்டிலிருந்து இறங்கும்போது பிரேக் பிடிக்கவில்லை. கீழே கூலிச்சனங்கள் கூட்டமாக நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். அப்பா நான்கிலிருந்து மூன்றுக்கு இழுத்தார், லாரி அலறியது. மூன்றிலிருந்து இரண்டுக்கு இழுத்தார். கியர்ப்பெட்டி உடைந்தே விட்டது என்று நினைத்து உன்னை மார்போடு இறுக்கிக்கொண்டேன். ஒன்றுக்கு வந்தபோது லாரி நடைவேகத்துக்கு வந்திருந்தது. பக்கவாட்டு மண்மேட்டில் முட்டி நிறுத்தினார். உனக்கு நினைவில் இருப்பதெல்லாம் அதற்குப் பிறகு அவர் வாங்கிக் கொடுத்த ஐஸ் கச்சாங் இனிப்பு மட்டும்தான். எனக்கு அந்தச் சத்தம் நினைவிருக்கிறது. அவருக்கு வேகம் என்றால் அந்தச் சத்தம்தான். கண் இருந்தபோதும் அவர் காதால்தான் ஓட்டினார்.

இனி உன்னிடம் மறைத்ததைச் சொல்கிறேன். அன்றைக்குச் சுத்திகரிப்பு முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தோம். இயந்திரத்திலிருந்து எழுந்த பிறகு அவருக்கு உடம்பு துவண்டு போய்விடும். பாதி மயக்கம், பாதி விழிப்பு. தோட்டத்துச் சாலையில் புதிதாகத் தார் போட்டிருந்தார்கள். மேடு ஏறி இறக்கத்துக்கு வந்ததும் நான் வேகம் கூட்டும் எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுத்தேன். அந்தக் காரில் அப்படிக் காலை எடுத்தால் இஞ்சின் சத்தம் அப்படியே அடங்கிவிடும். கார் மட்டும் வழுக்கிக்கொண்டு போகும். கண்ணாடி எல்லாம் ஏற்றியிருந்தது. சத்தம் அடங்கியதும் வீடு வந்துவிட்டது, நான் காரை நிறுத்திவிட்டேன் என்று நினைத்துவிட்டார் தம்பி. இருக்கைப் பெல்ட்டைக் கழற்றினார். அந்தச் சத்தம் கேட்டு, எதற்குக் கழற்றுகிறார் என்று நான் திரும்புவதற்குள் கதவைத் திறந்து இடது காலை வெளியே வைக்கப் போனார். காற்று உள்ளே அறைந்தது. இடது கையால் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்து என் பக்கம் இழுத்தேன். வலது கை எப்படி ஸ்டியரிங் திருப்பானைப் பிடித்தது என்று தெரியவில்லை. பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரனை அமுக்கியபடி எங்களைச் சுற்றிக்கொண்டு போனான். கார் புல்தரையில் இறங்கி நின்றது. அவருடைய ஒரு செருப்பு சாலையில் கிடந்தது. கதவில் உரசி அவர் முழங்கையில் தோல் உரிந்து இரத்தம் வந்தது. அவர் "நிக்கலையா? வண்டி நிக்கலையா?" என்று கேட்டார். நான் இறங்கிப் போய் அந்தச் செருப்பை எடுத்து வந்தேன்.

அன்று மாலை நீ கைத்தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசியபோது முழங்கைக் கட்டைப் பார்த்துவிட்டாய். குளியலறையில் வழுக்கிவிட்டேன் என்று அவரே முந்திக்கொண்டு சொன்னார். நான் சும்மா நின்றேன். அந்த ஒரு பொய்யிலிருந்துதான் உன் ஜொகூர் திட்டம் முழுவதும் கிளம்பியது. அம்மாவால் இனிப் பார்த்துக்கொள்ள முடியாது, வீட்டிலேயே விழுகிறார் என்று நீ முடிவு கட்டினாய். உன்மேல் தப்பில்லை. பிள்ளை அப்படித்தான் நினைப்பான். ஆனால் ஓடுகிற காரில் கதவைத் திறந்தேன் என்று மகனிடம் சொல்ல உன் அப்பாவால் எப்படி முடியும்? ஊரே லாரிக்காரர் என்று மரியாதையாகக் கூப்பிட்ட ஆள். வண்டி நிற்கிறதா ஓடுகிறதா என்றுகூடத் தெரியவில்லை என்று வாயைத் திறந்து சொல்ல அவருக்கு உயிர் போகிறது.

அடுத்த முறை கிளம்பும்போது அவர் கட்டிலைவிட்டு எழவில்லை. உடம்பு சரியில்லை என்றார். அதற்கு அடுத்த முறையும் வரமாட்டேன் என்றார். சிகிச்சையைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்று தாதி எங்களிடம் விவரமாகச் சொல்லியிருக்கிறாள். கால் வீங்கி, விரலால் அமுக்கினால் குழி அப்படியே நின்றது. படுத்தால் மூச்சு வாங்கியது, உட்கார்ந்தபடியே தூங்கினார். கெஞ்சினேன், திட்டினேன், சோற்றுத் தட்டை நங்கென்று வைத்தேன். "என்ன விட்டுரு. நான் அந்தக் காருல ஏறமாட்டேன்" என்றார். காரில் ஏறமாட்டேன் என்றால் சாகிறேன் என்று அர்த்தம். அவருக்கும் அது தெரியும். கடைசியில் அவசர வண்டியைக் கூப்பிடலாம் என்று நான் வாசலுக்கு வந்தபோது, பாசாரில் காய்கறி விற்கிற மாணிக்கம் அண்ணன் தன் பழைய வேனில் வந்துகொண்டிருந்தார். ஓடிப்போய் நிறுத்தினேன். அவர் உள்ளே வந்து, "வாங்கண்ணே, என் வேன்ல போயிட்டு வந்துரலாம்" என்றார். உன் அப்பா மறுபேச்சுப் பேசாமல் எழுந்தார்.

நான் பின்னால் கோஸ் கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். அந்த வேன் கையால் கியர் போடுகிற பழைய வண்டி. ஒவ்வொரு முறை மாற்றும்போதும் முதுகில் ஓர் இடி இடிக்கும். உன் அப்பா கைப்பிடியைப் பிடிக்கவே இல்லை. இரண்டு கையும் மடியில் இருந்தன. மேடு வந்தது. "மாணிக்கம், இழுக்குதுய்யா. மூணுக்கு எறங்கு" என்றார். மாணிக்கம் அண்ணன் சிரித்துக்கொண்டே மாற்றினார். கோஸ் கூடையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே எனக்குப் புரிந்தது. அவர் காரைப் பார்த்துப் பயப்படவில்லை, நான் ஓட்டுவதைப் பார்த்தும் பயப்படவில்லை. உன் கார் அவரிடம் எதையுமே சொல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. மாணிக்கம் அண்ணன் தன் பிழைப்பை விட்டுவிட்டு வாரம் முழுக்க எங்களுக்கு வேன் ஓட்ட முடியாது. அவர் ஓட்டித் தருவதாகச் சொன்ன ஓரிரு வாரத்துக்குள் நான் ஏதாவது செய்தாக வேண்டியிருந்தது.

காரை ரவியின் பட்டறைக்குக் கொண்டுபோனேன். கிளம்பும்போது அதிர்கிறது, சூடாகி விளக்கு எரிகிறது என்று ஏற்கெனவே உன்னிடம் சொல்லியிருந்தேன் அல்லவா, அது நிஜம்தான். பெல்ட் தேய்ந்துவிட்டது, இதே மாதிரி இன்னொரு சி.வி.டி. வாங்கிப் போடலாம் என்றான். நான் வேண்டாம் என்றேன். கியர் மாறுவது காதில் கேட்கிற மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். அவன் கையைத் துடைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தான். "சத்தம் வரக்கூடாதுன்னுதான்க்கா எல்லாரும் வருவாங்க" என்றான். கையால் மாற்றுகிற கியர் போட்டுத் தருகிறேன், அதுதான் சுலபம் என்றான். என் லைசென்ஸ் அதற்கு உதவாது. வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் பொதுவாகப் பேச்சுக் கொடுத்தேன். "நீ கிளட்ச்ச மட்டும் மிதி, கியர நான் இந்தப் பக்கத்துலேர்ந்து போட்டுக்கிறேன்" என்றார். கேலிக்குச் சொல்லவில்லை தம்பி, நிஜமாகவே சொன்னார். கண் தெரியாதவர் கியர் போட, லைசென்ஸ் இல்லாதவள் ஓட்ட, கூலிம் போலீஸுக்கு நல்ல வேடிக்கை. ஆகவே நான்கு கியர் உள்ள சாதாரண ஆட்டோ பெட்டியே போடு என்று ரவியிடம் சொல்லிவிட்டேன்.

நீ பயந்ததெல்லாம் நடக்கவும் செய்தது. பெட்டியை மாற்றி, சக்கரத்துக்குப் போகும் தண்டுகளை மாற்றி, அதைத் தாங்கும் ரப்பர்களையும் மாற்றிய பிறகு, கார் மூன்றாம் கியரிலேயே பிடிவாதமாக நின்றது. கியர்ப்பெட்டி பேசுவது காரின் கணினிக்குப் புரியவில்லை என்றான் ரவி. வேறு கணினிப் பெட்டியைத் தேடிப் பிடித்தான். அதைப் பொருத்தியதும் பின்னால் போகிற கியர் விழவில்லை. அந்த நாட்களில்தான் ரவியிடம் விவரம் கேட்டுவிட்டு நீ பேசினாய், குப்பை என்றாய், வைத்துவிட்டாய். நீ சொன்னதே சரியாகிவிடுமோ என்று தினமும் பட்டறையில் போய் நின்றேன். மாணிக்கம் அண்ணன் மகளுக்குப் பேறுகாலம், அவர் ஈப்போவுக்குக் கிளம்பப் போகிறார் என்று வேறு சொல்லிவிட்டார். அவர் கிளம்பிய மறுநாள் காலையில்தான் ரவி காரைக் கொண்டுவந்து கொடுத்தான். பதிவு அட்டை, காப்புறுதி விவரங்களை அலுவலகத்தில் முறைப்படி எழுதிக் கொடுத்தாயிற்று. அந்தக் கவலை உனக்கு வேண்டாம்.

அன்று சுத்திகரிப்பு நாள். என்ன மாற்றினேன் என்று அப்பாவிடம் சொல்லவில்லை. ரிப்பேர் பார்த்தாச்சு, வாங்க என்றேன். வேன் இல்லை என்று தெரிந்ததால் ஏறினார். கையைத் தூக்கிக் கைப்பிடியைத் தேடிப் பிடித்தார். வாசலைத் தாண்டி எண்ணெயை அமுக்கினேன். இஞ்சின் சத்தம் ஏறியது, ஒரு சின்ன இடி, சத்தம் இறங்கி மறுபடியும் ஏறியது. அவர் தலை சட்டென்று என் பக்கம் திரும்பியது. மறுபடியும் ஓர் இடி. "மூணு" என்றார், தனக்குத்தானே. மேட்டில் கார் ஒரு கியர் இறங்கியதையும் சொன்னார். இறக்கம் வந்தது, அவர் கதவைத் திறந்த அதே இறக்கம். ரவி சொல்லிக் கொடுத்தபடி கியர்த்தண்டை இரண்டுக்கு இழுத்தேன். இஞ்சின் உறுமிக்கொண்டு காரைப் பிடித்தது. "ரெண்டுல போட்டியா?" என்றார். ஆமாங்க என்றேன். சரியாய்த்தான் போட்டிருக்கிறாய் என்று சொல்லிவிட்டு வெளியே பார்ப்பவர் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். கூலிம் வரும்வரை நாங்கள் சண்டை போடவில்லை.

திரும்பி வரும்போது நான் சாலையையே பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தேன். அவர் நம்பர் சொல்வது நின்றுபோனதை வெகுநேரம் கவனிக்கவில்லை. பிறகு பார்த்தால், கைப்பிடியிலிருந்து கை விழுந்து மடியில் கிடந்தது. தலை மார்பில் தொங்கியது. கூப்பிட்டேன், பதில் இல்லை. உரக்கக் கூப்பிட்டேன், அப்போதும் இல்லை. சுத்திகரிப்பு முடிந்ததும் இரத்த அழுத்தம் இறங்கிவிடும், கவனமாக இருங்கள் என்று தாதி சொன்னது மண்டையில் அடித்தது. உன்னை நினைத்தேன். நீ சொன்னதைக் கேட்காமல் இப்படிச் செய்து, பாதி வழியில் அவரை விட்டுவிட்டேன் என்று உனக்கு எப்படிச் சொல்வேன் என்றுதான் நினைத்தேன். செம்பனை ஓரமாகக் காரை இறக்கி நிறுத்தி, அவர் மூக்குக்குக் கீழே என் கையை வைத்தேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார்.

"எதுக்கு நிறுத்தின? மூணு, ரெண்டு, ஒண்ணுன்னு எறங்குச்சு, அதான் முழிச்சேன்."

தூங்கிவிட்டீர்களா என்று கேட்டேன். தூங்கினால் என்ன தப்பு என்று எரிந்து விழுந்தார். தம்பி, கண் போன நாளிலிருந்து உன் அப்பா எந்த வண்டியிலும் தூங்கியதில்லை. நான் திருப்பானில் தலையை வைத்து அழுதேன். அவர் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். அழுகிறாயா என்றார், இல்லை என்றேன். "சரி, எடு வண்டிய" என்றார். நான் சாலையில் ஏறி மூன்றாம் கியர் விழுவதற்குள் அவருக்குக் குறட்டை வந்துவிட்டது.

நீ எங்களைக் கைவிடவில்லை, அது எனக்குத் தெரியும். ஜொகூரில் நல்ல ஆஸ்பத்திரி, பேரப்பிள்ளைகளின் முகம், எல்லாம் இருக்கிறது. ஆனால் உன் புது மின்சாரக் காரில் மூச்சுவிடும் சத்தம்கூட வராது. அதில் அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு போவதையும், உன் மனம் நோகக்கூடாது என்று ஒன்றும் சொல்லாமல் இருப்பதையும் நான் இப்போதே பார்க்கிறேன். அவருக்கு வசதி எது என்று நீயும் நானும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ததெல்லாம் போதும். அவருக்கு எது பயம் என்று அவரிடம் கேட்டுவிடு. கேட்ட பிறகு அவர் வருகிறேன் என்று சொன்னால், நானே பெட்டி கட்டுகிறேன்.

வாங்க வருகிற ஆளை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடு. சனிக்கிழமை சுத்திகரிப்பு நாள். சாவி உனக்குத்தான், நீ ஓட்டு, நான் பின்னால் உட்காருகிறேன். போகும்போது அவர் நம்பர் சொல்வார், கேட்டுக்கொள். திரும்பி வரும்போது உன் பக்கத்தில் அவர் தூங்கிவிட்டால், என்னைப் போலப் பயந்து நிறுத்திவிடாதே. வீடு வந்தாலும் நிறுத்தாதே. தாண்டிக் கொஞ்ச தூரம் ஓட்டிக்கொண்டே போ.

அம்மா